வன்கொடுமை நடந்த அன்று மட்டும் எழுதாதீர்கள்

2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரைப் பேருந்தை மறித்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் அந்த விரல்களை மீண்டும் இணைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க நம் ஆட்கள் எழுதினார்கள். முகநூலில் எழுதினார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் எழுதினார்கள், ஆர்ப்பாட்ட நோட்டீஸ், கலெக்டருக்கு மனு, உண்மை அறியும் குழுவின் அறிக்கை என்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து எழுதினார்கள். எழுதத்தான் வேண்டும். நாம் எழுதாவிட்டால் அதை "இரு தரப்பு மோதல்" என்று எழுதி முடிக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

ஆனால் தோழர்களே, அடுத்த மாதம் என்ன எழுதினீர்கள்? அதற்கடுத்த மாதம்?

என்னோடு களத்துக்கு வரும் மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணும் நடக்கலையே அக்கா, என்ன எழுத?" இந்தப் பதில் எனக்குக் கவலை தருகிறது. நம் எழுத்துக்கான நாள்காட்டியை யார் கையில் கொடுத்திருக்கிறோம்? அரிவாள் வைத்திருப்பவன் கையில். அவன் வெட்டும்போது நாம் எழுதுகிறோம், அவன் சும்மா இருக்கும்போது நாமும் சும்மா இருக்கிறோம்.

இந்த ஓட்டம் உடம்பையும் விடுவதில்லை. ஒரு சம்பவம் நடந்தால் பத்து நாள் தூக்கமில்லை, டீயும் வடையும்தான் சாப்பாடு. பிறகு வயிற்றுப்புண், தலைவலி, யாரிடமும் பேசப் பிடிக்காத ஒரு மாதம். அதிலிருந்து எழுந்து உட்காரும்போது அடுத்த சம்பவம். பெண் தோழர்களுக்கு இன்னும் மோசம். மாதவிடாய் வலியோடு மார்ச்சுவரி வாசலில் நாள் முழுக்க நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அறிக்கை எழுத உட்கார வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் நல்ல நல்ல பிள்ளைகள் இயக்கத்தைவிட்டு ஒதுங்கிப் போவதைப் பார்க்கிறேன். கொள்கை பிடிக்காமல் போனவர்கள் அதில் குறைவு. உடம்பும் மனசும் தாங்காமல் போனவர்களே அதிகம்.

என் கருத்து இதுதான். தினமும் கொஞ்சம் எழுதுவதும் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் இரண்டு வேலை அல்ல. ஒரே வேலையாகச் செய்தால்தான் இரண்டும் நிலைக்கும். உடனே ஒரு தோழர் சொல்வார்: "உடம்பு, மனசு, டைரி எல்லாம் நடுத்தர வர்க்கத்துச் சொகுசு. நம்ம ஜனங்களுக்கு அதுக்கு நேரம் ஏது?" அவருக்கு நான் காட்டுவது நம் சொந்த வரலாற்றைத்தான்.

அயோத்திதாசப் பண்டிதர் பிழைப்புக்கு என்ன செய்தார்? வைத்தியம் பார்த்தார். அவர் சித்த மருத்துவர். 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 62. நான்கு பக்க இதழ், விலை பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' ஆனது. 1914 மே 5 அன்று அவர் இறக்கும்வரை, கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே வாராவாரம் எழுதினார்.

அவர் எழுதியவற்றைப் புரட்டிப் பாருங்கள். சாதிக் கொடுமை இருக்கிறது, அரசுக்கு வைத்த கோரிக்கைகள் இருக்கின்றன. அதோடு மருத்துவம், இலக்கணம், சொல்லாராய்ச்சி, பண்டிகைகளின் வரலாறு, பௌத்தம், வாசகர் கேள்விகளுக்குப் பதில் எல்லாம் இருக்கின்றன. 'இந்திரர் தேச சரித்திரம்' இதழில் தொடராக வந்ததுதான். யாராவது அடிபட்ட வாரம் மட்டும் எழுதியிருந்தால் நமக்கு ஒரு புகார்க் கட்டு மிஞ்சியிருக்கும். வாராவாரம் எழுதியதால் ஒரு மாற்று வரலாறே கிடைத்தது. 85 ஆண்டுகள் கழித்து, 1999-இல், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்தபோது 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம் என்கிற தூரம்தான்.

அடுத்தது பாபாசாகேப். அவருடைய கடைசி ராத்திரியைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 1956 டிசம்பர் 5 இரவு, படுக்கப் போகும்போதும் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கான முன்னுரைத் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். விடிந்தபோது அவர் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, "பார், சாகும்வரை எழுதினார், நீ ஒரு காய்ச்சலுக்கு ஓய்வு கேட்கிறாயே" என்று இளைஞர்களை விரட்டுவதையும் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கதையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த நூலுக்கு அவர் 1956-இல் எழுதிய முன்னுரையைப் படியுங்கள். 1951-இல் தொடங்கிய வேலை, ஐந்து ஆண்டுகளில் உடல்நிலை எத்தனையோ முறை ஏறி இறங்கியது என்று அவரே சொல்கிறார். தன்னை உயிரோடு வைத்திருந்ததற்காகத் தன் மனைவி சவிதா அம்பேத்கருக்கும் டாக்டர் மால்வங்கருக்கும் நன்றி சொல்கிறார். 1957-இல் நூல் வெளியானபோது அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை. நீரிழிவு அவர் உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. மருந்து, உணவு, ஓய்வு, உதவிக்கு ஆள் எல்லாம் சேர்ந்துதான் அந்த நூலை எழுத வைத்தன. அவர் எழுதினார் என்பதை நினைவில் வைத்திருக்கிறோம். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டோம். மறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பராமரிப்பு வேலை பெண்களின் வேலையாக இருக்கும் இடத்தில் அது எப்போதும் கணக்கில் வராது.

மூன்றாவது, நம் தென்மாவட்டத்து பாமா. துறவற சபையைவிட்டு வெளியே வந்து, வேலையும் இல்லாமல் திசை தெரியாமல் நின்ற காலத்தில் எழுதத் தொடங்கியதுதான் 1992-இல் வந்த 'கருக்கு'. அந்த எழுத்து தன் காயத்தை ஆற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் அடியும் அவமானமும் உண்டு. பிள்ளைகளின் விளையாட்டும், சாப்பாடும், வேலையும், திருவிழாவும், ஊர்ச் சிரிப்பும் அதே அளவுக்கு உண்டு. காயத்தை மட்டும் எழுதினால் நாம் காயமாகவே மிஞ்சுவோம். சாதாரண நாளையும் எழுதும்போதுதான் முழு மனிதர்களாகப் பதிவாகிறோம்.

எழுத்து உடம்பை ஆற்றுமா என்பதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு இன்னும் கனத்துத்தான் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சராசரிப் பலன் சிறியது என்றே சொல்கிறார்கள். அதனால் எழுத்தை ஒரு துணை மருந்தாகத்தான் சொல்கிறேன். வைத்தியத்துக்குப் பதிலாகச் சொல்லவில்லை. எழுத எழுத மூச்சு முட்டுகிறது, அதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பேனாவை மூடிவிடுங்கள். நம்பும் ஒருவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு நோட்டு வையுங்கள்.

ஒன்று வேலை நோட்டு. தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். உங்கள் அபிப்பிராயம் இதில் வேண்டாம். சம்பவம் நடந்த உடனே எழுதிய குறிப்பைப் பார்த்து நீதிமன்றத்தில் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சாட்சியச் சட்டம் அனுமதிக்கிறது. வன்கொடுமை வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்போது அந்தத் தேதியிட்ட பக்கம் பெரிய பலம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அப்படிப் பார்த்துச் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி அதை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். உங்கள் அழுகையும் தூக்க மாத்திரையும் வீட்டுச் சண்டையும் அதே பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் இரண்டு நோட்டு.

வேலை நோட்டின் பக்கங்களை அன்றன்றே செல்போனில் படம் எடுத்து வேறொரு இடத்திலும் சேமியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் நின்றதை நாடே பார்த்தது. காலனி வீடுகளில் சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் வழக்குத் தாள்களும் சேற்றில் கிடந்ததை நாம் மட்டும்தான் பார்த்தோம்.

இரண்டாவது உடம்பு நோட்டு. இது யாருக்கும் காட்ட அல்ல. தோழருக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை, முகநூலுக்கும் இல்லை. எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், எங்கே வலி, அதற்கப்புறம் இன்று பார்த்த ஏதாவது ஒன்று. அவ்வளவுதான்.

2024-இல் நான் ஆறு மாதம் காசநோய்க்கு மருந்து எடுத்தேன். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள், தினமும். இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்று பசி வந்துவிடும், அங்கேதான் பலர் மருந்தை விடுகிறார்கள். விட்டால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாததாகத் திரும்பும் ஆபத்து உண்டு. மாத்திரை போட்டவுடன் நோட்டில் ஒரு வரி எழுதுவேன். முதல் நாள் வரி: "மூத்திரம் ஆரஞ்சு கலர், பயப்பட வேண்டாம் என்றார் நர்ஸ்." அறுபதாவது நாளுக்குப் பிறகு எடை ஏறியதும், வாழைத்தோப்பு வழியே ஆற்றுப்பாலம் வரை நடந்ததும் வரும். சில நாள் தேதி மட்டும்தான் இருக்கும். தேதி மட்டும் போட்டாலும் அன்று எழுதியதாகவே கணக்கு வைத்தேன். மாத்திரையும் வரியும் ஒன்றையொன்று நினைவூட்டின. உடம்புக்கு முடியாதபோது எழுத்தின் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றாதீர்கள். எழுந்து உட்கார முடியாவிட்டால் செல்போனில் குரலாகப் பதிவு செய்யுங்கள்.

விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், தனியாக ஒரு மேசையோ பூட்டோ உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நூலகத்தில் எழுதுங்கள், பஸ்ஸில் எழுதுங்கள், பாடநோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு இரவல் பேனாவும் ஐந்து நிமிடமும் போதும்.

இது தனிமனிதர் ஒழுக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அமைப்புகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு உண்மை அறியும் குழுவிலும் அறிக்கை எழுதும் வேலை ஒரே ஆள் தலையில் விழுகிறது. அது சுழற்சியில் வரட்டும். களத்துக்குப் போய் வந்த மறுநாள் கட்டாய ஓய்வு என்று தீர்மானம் போடுங்கள். செலவுக் கணக்கில் நோட்டீஸ், மைக் செட் என்று எழுதுகிறோமே, அதில் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒரு வரி சேர்த்தால் எந்தக் கொள்கையும் கெட்டுவிடாது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் தியாகம் கேட்கும் அமைப்பு, அந்தப் பிள்ளை முப்பத்திரண்டு வயதிலும் களத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாமா?

பிணவறை வாசலில் நிற்க வேண்டிய நாட்கள் இனியும் வரும். அப்போது எழுத உடம்பில் தெம்பு இருக்க வேண்டும், கையில் பழக்கம் இருக்க வேண்டும். அதற்கான வேலை ஒன்றும் நடக்காத இன்றைக்குத்தான். இதைப் படித்து முடித்ததும் ஒரு தாளில் இன்றைய தேதியைப் போடுங்கள். கீழே, மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். சாப்பிடவில்லை என்றால் முதலில் போய்ச் சாப்பிடுங்கள்.

ஜெய் பீம்.