நொடிநேர மின்தடை

கிதாருக்கான டிஜிட்டல் ஒலிக்கருவிகள் இயங்கத் தொடங்கத் தாமதமாவதை நாம் குறையாகக் கருதவில்லை. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்பும்வரை காத்திருக்கப் பழகியவர்கள்தாமே நாம்!

நம் மனத்தாங்கல் வேறு. திருவிழா மேடையில் மின்சாரம் ஓரிரு நொடி போய்வந்தால் வால்வு ஆம்ப்ளிஃபயரின் சூடு ஆறிவிடுவதில்லை. ஒலி உடனே திரும்பும். டிஜிட்டல் கருவியோ, கணினியைப்போல, மென்பொருளை முதலிலிருந்து ஏற்றத் தொடங்குகிறது. பாடகர் சரணத்தை எடுத்துவிடுவார். கிதார்க்காரர் மட்டும் ஒளிர்திரையைப் பார்த்து நிற்பார்.

சிறு யு.பி.எஸ். ஒன்றில் இக்கருவியை மட்டும் இணைப்பதே இப்போதைக்கு வழி. (ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தால் சுமை தாங்காது.) ஆயினும் மலிவான செல்பேசிக்கே பேட்டரி இருக்கையில், பல்லாயிரம் ரூபாய்க் கருவிகள் பெரும்பாலானவற்றுள் சில நிமிடம் தாங்கும் பேட்டரிக்கு ஏன் இடமில்லை?