15 இன்ச்ல 4கே எதுக்கு?

புது லேப்டாப் வாங்கப் போற ஜூனியர்ஸ் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, 4கே எடுக்கலாமா?" என் பதில்: வேண்டாம்.

ரெசல்யூஷன் நம்பரை மட்டும் பார்த்தா பத்தாது. ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 15.6 இன்ச்ல ஃபுல் எச்டி (1920 × 1080) என்றால், ஒரு இன்ச்சுக்குச் சுமார் 141 பிக்சல். கோடிங் பண்ண, படம் பார்க்க இது தாராளம். அதே சைஸில் 4கே என்றால் 282. எழுத்து எறும்பு மாதிரி ஆகிடும். உடனே ஸ்கேலிங்கை 200% வைப்போம். அப்புறம் தெரியும் வரிகள், ஃபுல் எச்டியில் 100%ல தெரிந்த அதே அளவுதான்! எழுத்து இன்னும் ஷார்ப்பா இருக்கும், உண்மைதான். ஆனா நாலு மடங்கு பிக்சலுக்கு கிராபிக்ஸ் சிப்பும் பேட்டரியும் உழைக்கணுமே.

அதுக்காக 1366 × 768க்கு இறங்கிடாதீங்க. உயரத்தில் 312 பிக்சல் போயிடும். நாள் முழுக்க ஸ்க்ரோல் பண்ணிட்டே இருக்கணும்.

தனியா 27 இன்ச் மானிட்டர் வாங்கினா கதையே வேற. அதில் ஃபுல் எச்டி என்றால் இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், எழுத்து பிசிறடிக்கும். அங்கே 2560 × 1440 எடுங்க.

நம்மில் பலருக்கு லேப்டாப் என்பது வீட்டில் கடன் வாங்கித் தர்ற பொருள். 4கேவுக்குக் கொட்டுற காசை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடுங்க. நாலு வருஷம் ஓடணும்ல?