குறி பார்ப்பவர்கள்

கோடை விழா நேரம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் பலூன் சுடும் கடை போட்டிருந்தார்கள். என் மாணவி ஒருத்தி ஐந்தில் நான்கு பலூன்களை உடைத்தாள். "செம ஸ்னைப்பர்டி நீ!" என்று தோழிகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகுதான் உறுத்தியது. இந்தச் சொல் எப்போது பாராட்டானது?

ஸ்னைப்பர் துப்பாக்கிகளில் பல போல்ட் ஆக்‌ஷன் வகை. ஒரு முறை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கினால்தான் அடுத்த தோட்டா ஏறும். ஆஸ்திரியாவின் எஸ்.எஸ்.ஜி. 69 அப்படிப்பட்டது. அவசரப்படாது, குறி தவறாது, அப்பாவியைத் தொடாது என்று சொல்லிச் சொல்லி, சினிமா அதற்கு ஒரு நிதானமான ஆணின் முகத்தையும் கொடுத்துவிட்டது.

2018 மே 22 அன்று அந்த முகத்தைப் பார்த்தோம். ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடியில் போலீஸ் வேனின் கூரைமேல் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர் துப்பாக்கியோடு குறிபார்த்தார். தமிழ்நாடே "ஸ்னைப்பர்" என்றது. துப்பாக்கி தெரிந்தவர்கள் திருத்தினார்கள்: அது எஸ்.எல்.ஆர்.

சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எஸ்.எஸ்.ஜி. 69-க்கும் நம் எஸ்.எல்.ஆருக்கும் தோட்டா ஒன்றுதான்: 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆரிலும் ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால்தான் குண்டு போகும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு விரல் முடிவெடுத்திருக்கிறது.

13 பேர் செத்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் எழுதியது: 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு; அவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டவர்கள். 17 வயது ஸ்நோலினுக்குப் பின்தலையில் புகுந்த குண்டு வாய் வழியே வெளியேறியது. கோஷம் போட்ட வாய்.

கல்லெறிந்தார்கள், தீ வைத்தார்கள் என்பார்கள். அதற்கு விசாரணை உண்டு, நீதிமன்றம் உண்டு. முதுகைக் காட்டி ஓடுகிறவர் யாரைத் தாக்கப் போகிறார்? கூட்டத்தைக் கலைக்கச் சுட்டாலும் தாழக் குறிவைக்க வேண்டும் என்பது போலீஸுக்குச் சொல்லித்தரும் பாடம். தலை தாழ்வான இடமா?

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மறைவிடங்களிலிருந்து, தொலைவில் இருந்தவர்களைச் சுட்டதாக அது சொன்னது. 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இந்த 13 சாவுகளுக்காகத் தண்டனை பெற்ற போலீஸார் ஒருவரும் இல்லை. இதே சேர்வராயன் மலையில் ஒரு மலையாளி வீட்டுப் பரணில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி கிடந்தால், ஆயுதச் சட்டம் மறுநாளே மலையேறி வந்துவிடும்.

குறி என்றால் இலக்கு. குறி என்றால் ஆணுறுப்பு. மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதைத் தற்செயல் என்று வகுப்பில் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஆனால் குறி பார்ப்பது என்பதற்கு நம் மொழியில் இன்னொரு பொருளும் உண்டு. குறவஞ்சியில் மலைப்பெண் கையைப் பார்த்து வரப்போவதைச் சொல்வாள். குமரெட்டியாபுரத்துப் பெண்களும் அதைத்தான் செய்தார்கள். தண்ணீரைப் பார்த்தார்கள், காற்றை மோந்தார்கள், பிள்ளைகளுக்கு வரப்போவதைச் சொன்னார்கள். அவர்கள் குறி சொன்னார்கள். அரசு குறி வைத்தது.

மக்கள் கூட்டத்தின் எதிரே தொலைதூரத் துப்பாக்கிக்கு இடமே இருக்கக் கூடாது. சுடச் சொன்னவர் யார், சுட்டவர் யார் என்பது நீதிமன்றத்தில் பெயர் பெயராகச் சொல்லப்பட வேண்டும். அதுவரை, பெண்ணே, உன்னை யாராவது ஸ்னைப்பர் என்று பாராட்டினால் கொஞ்சம் கூசு. நான் கைதட்டியதற்கு இன்னும் கூசிக்கொண்டிருக்கிறேன்.