அடுத்த வீட்டு அக்கா

ராசிபுரத்தில் எங்கள் தெருத் தறிக்காரப் பெண், “மூணாவது படிக்கிறான், எழுத்துக் கூட்ட வரலையேக்கா!” என்று கண் கலங்கினாள். கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததன் மிச்சம்!

2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’தான் கைகொடுத்தது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை 5 முதல் 7 மணிக்குள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவரிடம் 20 பிள்ளைகள் வரை. மாதம் 1000 ரூபாய். (இந்தக் காலத்தில் அது எந்த மூலைக்கு?)

எங்கள் தெருவுக்கு வந்த அக்கா, பாடப் புத்தகத்தை முதலில் தொடவே இல்லை. தீப்பெட்டி, அரிசி மூட்டை, கடைப் பலகை என்று கண்ணில் பட்டதைப் படிக்கச் சொன்னாள். தப்பினால் திட்டாமல் காத்திருந்தாள். அடுப்படியில் நின்றபடி நாமும் செய்யலாமே!

சில மாதம் போயிற்று. பஸ் ஏறப்போன அம்மாவின் முந்தானையைப் பிடித்திழுத்தான் பையன்: “அம்மா, இது நாமக்கல் இல்லே. சேலம் போட்டிருக்கு!”