நாற்காலி போட்டாச்சு... உட்காரலாமா?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சென்னை தி.நகர் ரங்கநாதன் தெரு. துணிக்கடைக்குள் நுழைந்ததுமே வாடிக்கையாளருக்கு ஸ்டூல் வந்துவிடும். “உட்காருங்க மேடம், எடுத்துக் காட்டுறேன்” என்பார் விற்பனைப் பெண். நாற்பது புடவைகளை விரித்துக் காட்டி, எதுவும் பிடிக்காமல் வாடிக்கையாளர் எழுந்து போன பிறகும் அந்தப் பெண் நின்றுகொண்டேதான் இருப்பார். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ இந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது 2010-இல். சட்டம் வர இன்னும் 11 ஆண்டுகள் ஆயின.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே கிடைக்கும் வாய்ப்பில் அவர்கள் உட்கார முடிய வேண்டும். சாரம் இவ்வளவுதான். நாள் முழுக்க நிற்பதால் வரும் கால்வலி, முதுகுவலி, வெரிகோஸ் வெயின் எல்லாம் கடை ஊழியர்களுக்குப் பழகிப்போன கதை.

தமிழ்நாட்டுக்கு முன்பே, 2018-இல் கேரளம் இதைச் செய்துவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் அவர்கள் கேட்டது நாற்காலி கூட இல்லை, கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலேயே வேலை பார்த்த பெண்கள் அவர்கள். அதன் பிறகுதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம் வந்தது. உட்காருவதற்கே போராட வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பிறகு என்ன பிரச்சினை?

நாற்காலி வாங்குவது சுலபம். “கஸ்டமர் வர்ற நேரத்துல என்னம்மா உட்கார்ந்திருக்க?” என்ற ஒரு கேள்வி போதும், மறுநாளிலிருந்து அதில் துணிமூட்டைதான் உட்காரும். மேலே கேமரா, பக்கத்தில் ஃப்ளோர் சூப்பர்வைசர். எந்த விதியும் தடுக்காவிட்டாலும் உட்காரும் தைரியம் யாருக்கு வரும்?

இதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு முன்பே புரிந்துவைத்திருந்தது. கடைகள், அலுவலகங்களுக்கான அதன் 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கை, போதிய இருக்கைகள் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அவற்றைப் பயன்படுத்த ஊழியர்களுக்கு நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்றது. அந்த இரண்டாவது பாதிதான் ‘வொர்க் கல்ச்சர்’. முதல் பாதிக்கு பில் காட்டலாம், இரண்டாவதற்குக் காட்ட முடியாது.

ஓஎம்ஆரில் ஏசி அறையில், சுழலும் நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இது புதிதல்ல. லீவ் பாலிசியில் நாட்கள் இருக்கும். கேட்டால் மேனேஜர் முகம் மாறும். ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும், கிளம்பினால் “ஹாஃப் டேயா பாஸ்?” என்று கிண்டல் வரும். வெள்ளிக்கிழமை பீட்சாவும், ‘ஸ்டார் ஆஃப் தி மந்த்’ கோப்பையும் இந்தக் குறையை நிரப்பாது. துணிக்கடையில் தீபாவளிக்குக் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸும் அப்படித்தான்.

மாற்றம் மேலிருந்துதான் தொடங்க வேண்டும். கூட்டமில்லாத மத்தியானம் மூன்று மணிக்கு சூப்பர்வைசர் தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், சுவரில் ஒட்டிய அறிவிப்பைவிட அது வேலை செய்யும். உட்கார்ந்ததற்காக யாரையும் திட்டக் கூடாது என்று முதலாளி எல்லார் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

வாங்க வருபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று வாடிக்கையாளர் நினைப்பார், இதுதான் முதலாளிகளின் பயம். அடுத்த முறை கடைக்குள் நுழையும்போது யாராவது பதறி எழுந்தால், “பரவாயில்லக்கா, உட்காருங்க. பார்த்துட்டு கூப்பிடுறேன்” என்று சூப்பர்வைசர் காதில் விழும்படியே சொல்லலாம்.