துளசியைக் கொளுத்துகிறவர்கள்

சென்ற பௌர்ணமிக்கு நாங்கள் நால்வர் திருவண்ணாமலை சென்றிருந்தோம். பக்தி, நட்பு, வெறும் கால்தினவு என்று ஆளுக்கொரு காரணம். 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் செங்கம் சாலைப் பக்கம் ஒரு கடையில் நின்றோம். ருத்திராட்சத்துக்கும் ஊதுபத்திக்கும் செம்புச் சொம்புக்கும் நடுவே பழுப்புக் காகிதப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. துளசி, அதிமதுரம், ஆடாதோடை, தூதுவளை, இலவங்கம், ரோஜா இதழ். காயவைத்துத் தூளாக்கிய கலவை. சுருட்டிப் புகைக்கக் காகிதமும் உடன் உண்டு. புகையிலை இல்லை, நிகோடின் இல்லை, சித்தர்கள் அருளிய முறை, நுரையீரலைச் சுத்தம் செய்யும் என்று மேலே ஒட்டியிருந்தது.

நண்பர் இரண்டு பொட்டலம் வாங்கினார். அவர் அதை வாங்குவது முதல்முறை அல்ல என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் பீடியும் சிகரெட்டுமாக இருந்தவர். மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது, இனிப் புகை கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "விட்டுட்டேனே, இது மூலிகைதானே" என்றார் எங்களிடம். ஏழு மாதமாக நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை இதை இழுத்துக்கொண்டிருக்கிறார். இக்கட்டுரையை நாங்கள் எழுதுவது அந்த ஏழு மாதத்துக்காக.

எளிய விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். காய்ந்த இலை எதுவாயினும் எரிந்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் வரும். நெருப்புக்குத் துளசி என்றும் தும்பை என்றும் பேதம் கிடையாது. நிகோடின் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிகோடின் மனிதனைப் புகையோடு கட்டிப்போடும் கயிறு. அவனது நுரையீரலை அரிப்பதில் பெரும்பங்கு எரிபுகையினுடையது. கயிற்றை அறுத்துவிட்டோம் என்று சொல்லி அரிப்பதை மட்டும் தொடர்ந்து விற்கிறார்கள். நிகோடின் இல்லாததால் பழைய வேட்கையும் தணியாது. அதைத் தணிக்க அடுத்த சுருள், அதற்கு அடுத்த சுருள். நண்பரின் கணக்கு எட்டிலிருந்து பத்தானது இப்படித்தான். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே, இத்தகைய மூலிகைச் சிகரெட்டுகளைப் பாதுகாப்பானவை என்று விளம்பரம் செய்த நிறுவனங்களை அந்நாட்டு வணிக ஆணையம் பிடித்தது. இவையும் உடல்நலத்துக்கு ஆபத்தானவை, தாரும் கார்பன் மோனாக்சைடும் தருபவை என்று எச்சரிக்கை அச்சிடச் செய்தது.

இனி எங்களுக்கு உண்மையில் கோபம் வருகிற இடம். 'இது நம் மரபு' என்கிறார்கள்.

மரபில் புகை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் புகையும் ஒன்று. ஆனால் அதே பட்டியலில் வேது தனியாக இருக்கிறது. நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் பிடிப்பது வேது. ஆவிக்கும் புகைக்கும் வேறுபாடு அறிந்தவர்கள் போட்ட பட்டியல் அது. சளிக்கு விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு முகரச் செய்த பாட்டியும் இரண்டு மூச்சோடு நிறுத்தினாள்; மஞ்சளை மடித்து மடியில் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்று பற்றவைக்கவில்லை. தூதுவளையை ரசமாக வைத்தார்கள், ஆடாதோடையைக் குடிநீராகக் காய்ச்சினார்கள், துளசியைப் பச்சையாக மென்றார்கள். தமிழ்நாட்டு அடுப்படிகள் இத்தனை காலம் கண்டறிந்து வைத்த வழிகளையெல்லாம் விட்டுவிட்டு, அதே தழைகளை வெள்ளைக்காகிதத்தில் சுருட்டினால் அது எப்படி மரபாகும்?

வடமொழி ஆயுர்வேதத்தைத் துணைக்கழைப்பவர்கள் சரக சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில் ஐந்தாம் அத்தியாயத்தை ஒருமுறையாவது படித்துவிட்டு வரவேண்டும். புகைத்திரி அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. மருந்துச் சரக்குகளை அரைத்து நாணற்குச்சியில் பூசி, உலர்ந்தபின் குச்சியை உருவிவிட்டு, நெய் தடவிப் பற்றவைக்கும் முறை. ஆனால் அதை இழுக்கும் குழாய் 24 முதல் 36 விரற்கடை நீளம் இருக்கவேண்டும். தொலைவிலிருந்து, கணுக்களில் தடைப்பட்டு வரும் புகைதான் புலன்களைத் தாக்காது என்பது அவர்கள் தந்த காரணம். நம் கடைக்காரர் தரும் சுருள் மூன்று அங்குலம். சரகம் புகைக்க எட்டு வேளைகளை வரையறுக்கிறது: குளித்தபின், உண்டபின், பல் விளக்கியபின், தும்மியபின் என்று. பேருந்துக்குக் காத்திருக்கும்போது என்று ஒன்று அதில் இல்லை. கருவுற்றவர், மது அருந்தியவர் முதலாக யாரெல்லாம் தொடவே கூடாது என்றும் நீண்ட விலக்குப் பட்டியல் உண்டு. வேளை தவறியோ அளவு மீறியோ புகைத்தால் செவிடும் குருடும் ஊமையும் இரத்தப் பெருக்கும் தலைச்சுற்றலும் வரும் என்று அந்நூலே மிரட்டுகிறது. ஆக, பொட்டலத்தின் மேல் அச்சிடவேண்டிய எச்சரிக்கையை அந்தப் பழைய நூலே எழுதிவைத்துவிட்டது. அதை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இன்னும் அருகில் ஒரு கதை உண்டு. ஊமத்தையைப் புகைத்தால் இரைப்பு தணியும் என்பது தென்னாட்டார் அறிந்தது. சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் வழியாக 1802ஆம் ஆண்டளவில் ஜென்ட் என்ற தளபதி அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அடுத்த நூறாண்டுகளில் ஐரோப்பா முழுவதும் ஆஸ்துமாச் சிகரெட்டுகள் விற்றன. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் கூட அவற்றைப் புகைத்தவர். மரபின் பெருமை பேசுகிறவர்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வார்கள். பின்கதை என்ன? அதே ஊமத்தை இனப் பொடியை 1960களில் அமெரிக்க இளைஞர்கள் போதைக்குத் தின்று மருத்துவமனைகளில் பிதற்றினார்கள். இலையில் வேலை செய்த பொருள் அட்ரோபின் என்று அறிந்து, அதை மாற்றியமைத்து இப்ராட்ரோப்பியம் செய்தார்கள். இன்று மூச்சிழுப்பான் குப்பியில் அது இருக்கிறது. ஆடாதோடையின் வாசிசினும் இப்படித்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்துக்கு முன்மாதிரியானது. நம் மூலிகைகள் உலகுக்கு மருந்தானது புகையைக் கைவிட்டபிறகு. அவற்றைத் திரும்பவும் நெருப்பில் போடுவதை மூலிகைப் பற்று என்கிறோம்.

இலைக்குப் புராணம் கட்டுவதில் நமக்கு நிகரில்லை என்பதையும் சொல்லவேண்டும். புகையிலை போர்த்துக்கீசியரோடு வந்த அமெரிக்கச் செடி. பீஜப்பூரிலிருந்து அசத் பேக் அதை அக்பரிடம் கொண்டுசென்றது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜஹாங்கீர் 1617இல் தடைவிதித்தார். தமிழ்ப் புலவர்களோ தடைவிதிக்கவில்லை, தூது விட்டார்கள். சீனிச் சர்க்கரைப் புலவரின் புகையிலை விடு தூது பழனி முருகனிடம் புகையிலையை அனுப்புகிறது. சிவனுக்கு வில்வம், திருமாலுக்குத் துளசி, நான்முகனுக்குப் புகையிலை என்று கதை பிறந்து 'பிரமபத்திரம்' என்ற பெயரும் நிலைத்தது. அந்நூலை நாங்கள் விரும்பிப் படிப்பவர்கள். அதன் குறும்பு அதற்கு அழகு. அந்தப் புலவர் தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு பொட்டலம் கட்டவில்லை. இப்போது திருமாலின் இலையும் அடுப்பேறிவிட்டது, குறும்பு மட்டும் காணோம்.

இதே ஊரில் விசிறி சாமியார் என்று அழைக்கப்பட்ட யோகி ராம்சுரத்குமார் 2001இல் மறையும்வரை வாழ்ந்தார். அவர் சிகரெட் பிடித்ததை அவருடைய அன்பர்களே எழுதியிருக்கிறார்கள். அதை நுரையீரல் சுத்தி என்று யாரும் விற்கவில்லை. கிரிவலப் பாதையில் பீடி இழுக்கும் சாமிகளும் அப்படியே. பீடியைப் பீடி என்றுதான் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் அந்தப் பொட்டலத்தைக் காட்டினோம். யாரோ கொடுத்து முன்பே இழுத்துப் பார்த்தாராம். "அதுக்கும் இருமுது, இதுக்கும் இருமுது சாமி. காசுதான் கூட" என்றார்.

சட்டத்தின் ஓட்டையைப் பற்றியும் ஒரு சொல். 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டம் புகையிலை உள்ளவற்றை மட்டுமே ஆள்கிறது. பொட்டலத்தில் படம்போட்ட எச்சரிக்கை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக்கூடாது என்ற விதி, பள்ளியிலிருந்து நூறு கஜம் என்ற எல்லை, எதுவும் இந்தக் கலவைக்குப் பொருந்தாது. சரி, மருந்தென்றால்? மருந்து செய்து விற்க உரிமம் வேண்டும். ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நேரடியாகவே தடுக்கிறது. புகைபொருள் என்று கேட்டால் மருந்து என்பார்கள். மருந்து என்று கேட்டால் வெறும் வாசனைத் தழை என்பார்கள். ஒரு பொருளை நாங்கள் எந்தக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதை விற்பவர் முடிவுசெய்து பொட்டலத்தில் எழுதட்டும்.

'சிகரெட்டுக்கு இது தேவலாம் அல்லவா, விட முயல்பவனுக்கு ஒரு படி அல்லவா' என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் வாதிட்டார். கையும் வாயும் பழகிய பழக்கத்துக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்பது மெய்யான துன்பம், அதை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. ஆனால் படி என்றால் அடுத்த படி எங்கே? நிகோடின் மெல்லும் பசை உண்டு, அதில் அளவைக் குறைத்துக்கொண்டே போகும் கணக்கு உண்டு. 1800112356 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி உண்டு. நெருப்பில்லாத வழிகள் இவை. மூலிகைக் கலவையில் குறைக்கும் கணக்கே இல்லை. நல்லது என்று நம்புகிறவன் எதற்காகக் குறைப்பான்?

நண்பரிடம் இதையெல்லாம் ரயிலில் சொன்னோம். சரகத்தின் குழாய் நீளத்தைக் கேட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாகி விழுப்புரம் வரை நீண்டது. மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனபோது மெல்லும் பசையின் அட்டை மேசைமேல் கிடந்தது. மிச்சமிருந்த ஒன்றரைப் பொட்டலத் தூளை வீணாக்க மனமில்லாமல் அவர் மனைவி வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கரண்டியில் போட்டிருக்கிறார். வீட்டிலிருந்த அத்தனை பேரும் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்களாம்.