தலைப்புகளை எண்ணுவோம்

சீர்காழியிற் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளந்தறியலாம் என 1948ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் எடுத்துரைத்து, அதற்கு 'லைப்ரமெட்ரி' எனப் பெயருமிட்டார். 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்னும் பெயர் பரவியது 1969க்குப் பின்னரே. விதைத்தவர் நம்மவராயினும் தமிழ்த்துறைகள் இப்பக்கம் பெரிதும் திரும்பவில்லை.

முறை எளிதே. ஆய்வேடுகளின் தலைப்புகளிலும் குறிப்புச் சொற்களிலும் எச்சொல்லோடு எச்சொல் சேர்ந்து வருகின்றது என எண்ணுகின்றனர். அடிக்கடி இணைவன அருகருகே வட்டங்களாக அமையும். பத்தாண்டுக்கு ஒரு படமென வரைந்து அடுக்கினால் எவ்வட்டம் பெருத்தது, எது தேய்ந்தது என்பது புலப்படும். நெதர்லாந்தின் இலெய்டன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய 'வாஸ்வியூவர்' மென்பொருள் இதனை விலையின்றிச் செய்து தருகின்றது.

1973இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டிற்குப் பின் சீறாப்புராண ஆய்வுகள் பெருகினவா? 2010இல் நம் கோவையில் நடந்த செம்மொழி மாநாடு கொங்கு நாட்டின் ஆய்வுப் பொருள்களை மாற்றியதா? மேடைதோறும் விடை கூறுகிறோம், எண்ணிப் பார்த்தோமில்லை.

ஆயின் தமிழில் இடர் ஒன்றுண்டு. கணிப்பொறிக்கு 'இஸ்லாமிய' வேறு, 'இசுலாமிய' வேறு; 'நாவல்' வேறு, 'புதினம்' வேறு. வேற்றுமையுருபும் புணர்ச்சியும் சேரின் ஒரு சொல்லே ஐந்தாறாகச் சிதறும். செழித்த ஆய்வுப்பொருளும் சிறுசிறு வட்டங்களாகப் பிரிந்து நலிந்ததுபோல் தோன்றும். 'ஓர் ஆய்வு' என முடிக்கும் நம் தலைப்பு வழக்கத்தை நீக்காவிடின், படத்தின் பெருவட்டம் 'ஆய்வு' என்பதாகவே இருக்கும்! சொற்களை ஒருமைப்படுத்தும் இப்பணி இலக்கணம் கற்றோர்க்கு உரியது, கணிப்பொறித்துறையாரிடம் விட்டுவிடத்தக்கதன்று. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை ஒருவர் வட்டார நாவலாகக் காண்பர். மற்றொருவர் பெண்ணிய நோக்கில் ஆராய்வர். தலைப்புச்சொல் மாறியதனாலேயே பொருள் மாறிற்றெனக் கொள்ளலாகாது. ஏட்டைத் திறந்து பார்த்தே தீரவேண்டும்.

அவ்வேட்டை எங்கே தேடுவது? 'சோத்கங்கா'வில் முனைவர் பட்ட ஆய்வேடுகளே மிகுதி. ஆய்வியல் நிறைஞர் ஏடுகள் பல, கல்லூரி நூலகங்களில் தட்டச்சுப்படிகளாய்க் கிடக்கின்றன. அப்பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளால் நிறுத்திவிட்டது. பன்னாட்டுத் தரவகங்களில் தமிழாய்வுகள் இடம்பெறுதல் அரிது. அவற்றைக் கொண்டு வரையும் படத்தில் நம் துறைகள் வெற்றிடமாகவே தோன்றும். வெற்றிடத்தைக் காண்போர் உழைப்பில்லை என்றே முடிவு கட்டுவர். ஆகவே தலைப்பு, ஆண்டு, நெறியாளர் பெயர், ஐந்து குறிப்புச் சொற்கள் ஆகியவற்றையேனும் கோவை வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒரே பட்டியலாகத் தொகுத்தல் வேண்டும். வரும் கல்வியாண்டில் முதுகலை மாணவர்க்கு இதனையே ஒப்படைப்பாக வழங்கலாம் எனக் கருதுகிறோம்.